பழுதுபார்ப்பின் சொற்கள்: இத்தாலியக் கட்டடச் சீரமைப்புக் கலைச்சொற்களின் மொழிமாற்றம் – மட்டாஞ்சேரியை முன்வைத்து

கலைச்சொல்லாக்கம் குறித்துத் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் பொருட்பெயர்களைச் சுற்றியே அமைந்துள்ளன. செயலைக் குறிக்கும் சொற்கள், குறிப்பாக ஒரு செயல் எந்த எல்லைவரை செல்லலாம் என்பதை உணர்த்தும் சொற்கள், போதிய கவனம் பெறவில்லை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் துறை அத்தகைய சொற்களால் ஆனது. அத்துறையில் இத்தாலிய மொழி தனியிடம் பெற்றுள்ளது. அம்மொழிச் சொற்கள் ஆங்கிலத்தின் வழியாக இந்தியக் கட்டடங்களை வந்தடையும்போது நேரும் பொருள் இழப்பையும், தமிழில் அவற்றைக் கொள்ளும் வகையையும் கொச்சி மட்டாஞ்சேரியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

டச்சு அரண்மனை என்னும் பெயர்

மட்டாஞ்சேரி அரண்மனையை ‘டச்சு அரண்மனை’ என வழங்குவர். அதனைக் கட்டியவர் டச்சுக்காரர் அல்லர். 1555 அளவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்த கட்டடம் அது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் பழுதுபார்த்தனர். கட்டியவர் பெயர் மறைந்து, பழுதுபார்த்தவர் பெயர் நிலைத்தது. டச்சுக்காரர் செய்த பணி எத்தகையது என்னும் வினாவிற்கு ஆங்கில நூல்களில் ‘ரிப்பேர்’, ‘ரெனவேஷன்’, ‘எக்ஸ்டென்ஷன்’ என வெவ்வேறு சொற்கள் விடையாகக் கிடைக்கின்றன. தமிழில் எழுதுவோர் இவை அனைத்தையும் ‘புதுப்பித்தனர்’ என்றோ ‘புனரமைத்தனர்’ என்றோ ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகின்றனர். விழுந்த சுவரை எழுப்பியதும் நின்ற சுவரைத் தாங்கியதும் புதிய அறையைச் சேர்த்ததும் ஒன்றாகிவிடுகின்றன. வரலாற்று நூலில் இது சிறு குறை. பணி ஒப்பந்தத்தில் இதே மயக்கம் நேருமாயின் அதன் விளைவைச் சுவரே ஏற்க வேண்டியிருக்கும்.

அரண்மனையின் உள்ளே இதற்கு வேறொரு சான்று உள்ளது. பள்ளியறையின் இராமாயண ஓவியங்களை விளக்குவோர் இத்தாலியச் சொற்களையே ஆள்கின்றனர். ‘பிரெஸ்கோ’ என்பது ஈரம் உலராத சுண்ணப்பூச்சின்மேல் வண்ணம் தீட்டும் முறை. ‘செக்கோ’ என்பது உலர்ந்த பூச்சின்மேல், பிசின் போன்ற பிணைப்பியைக் கலந்து தீட்டும் முறை. கேரள ஓவியங்கள் ‘பிரெஸ்கோ-செக்கோ’ வகையின எனக் கூறப்படுகின்றன. தமிழில் மூன்றும் ‘சுவரோவியம்’ என்றே ஆகின்றன. ஈரப்பூச்சில் வண்ணம் சுண்ணத்தோடு சேர்ந்து இறுகுகிறது. உலர்பூச்சில் அது மேற்பரப்பிலேயே தங்குகிறது. ஆகவே பின்னது நீரை அவ்வளவாகத் தாங்காது. ஒன்றைத் துடைக்கும் முறையால் மற்றொன்றைத் துடைத்தால் ஓவியமே அழியக்கூடும். ‘ஈரப்பூச்சோவியம்’, ‘உலர்பூச்சோவியம்’ எனப் பிரித்துரைத்தல் இங்கு இன்றியமையாதது.

இத்தாலியப் படிநிலைகள்

இத்தாலியச் சொற்கள் முதன்மை பெற்றதற்குக் காரணம் உண்டு. கல்லாலும் செங்கல்லாலும் ஆன பழங்கட்டடங்கள் மிகுந்த, நிலநடுக்கம் அடிக்கடி நேரும் நாடு அது. பழுதுபார்ப்பதை அங்குச் சட்டமே படிப்படியாக வகுத்துள்ளது. 2001ஆம் ஆண்டின் 380ஆம் எண் கட்டடச் சட்டத்தொகுப்பு இயல்பான பராமரிப்பு, சிறப்புப் பராமரிப்பு, ‘ரெஸ்தவுரோ’, ‘ரிஸ்த்ருத்துராத்சியோனே’, புதுக்கட்டுமானம் எனப் பணிகளை வகைப்படுத்துகிறது. இவற்றுள் நான்காவதை ஆங்கிலத்தில் ‘ரீஸ்ட்ரக்சரிங்’ என ஒலியொப்புமை கருதிப் பெயர்ப்போர் உளர். ஆங்கிலத்தில் அச்சொல் நிறுவனங்களின் மறுசீரமைப்பையும் கடன் மறுசீரமைப்பையும் குறிப்பது. இத்தாலியச் சொல்லோ கட்டடத்தின் உறுப்புகளை மாற்றி, முன்னதினும் வேறுபட்ட ஒன்றாக ஆக்கக்கூடிய பணியைக் குறிப்பது. பழங்கட்டடத்திற்கு ‘ரெஸ்தவுரோ’வே உரியது. அதன் எல்லையைச் செசாரே பிராந்தி 1963இல் வெளிவந்த நூலில் கோட்பாடாக வகுத்தார். அந்நூல் முழுமையாக ஆங்கிலத்திற்கு வந்தது 2005இல்தான். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, கோட்பாடு வந்துசேராத நிலையிலேயே ‘ரெஸ்டோரேஷன்’ என்னும் சொல் ஆங்கிலத்தில் புழங்கியது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என வரையறுத்ததும் இக்காலத்தில்தான்.

பொறியியல் விதிகளில் இம்மயக்கம் இன்னும் கூர்மையானது. இத்தாலியின் 2018ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகள் பழைய கட்டடத்தின்மீது செய்யும் பணியை மூன்றாகப் பிரிக்கின்றன. ஓரிடத்துப் பழுதைச் சரிசெய்வது ஒன்று. ‘மில்யோராமெந்தோ’ இரண்டாவது, கட்டடத்தின் பாதுகாப்பை உயர்த்தும், ஆயினும் புதுக்கட்டடத்திற்குரிய அளவை எட்ட வேண்டும் என்று வற்புறுத்தாது. ‘அதெகுவாமெந்தோ’ மூன்றாவது, விதி குறிக்கும் அளவை எட்டியே தீர வேண்டும். வரலாற்றுக் கட்டடங்களுக்கு இரண்டாவதோடு நிற்க அனுமதி உண்டு. பழஞ்சுவரின் உயிர் இவ்வனுமதியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘ரெட்ரோஃபிட்டிங்’ என்று எழுதிவிட்டால் அனுமதி மறைந்து கட்டாயம் மட்டுமே எஞ்சும். ‘மேம்படுத்தல்’, ‘அளவெட்டச் செய்தல்’ எனத் தமிழில் இவற்றைப் பிரிக்கலாம். இரண்டாவது தொடர் அழகற்றது. ஆயினும் பொருள் பிழையாது.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 13935 எனும் வழிகாட்டி (முதற்பதிப்பு 1993, திருத்தம் 2009) இச்சிக்கலுக்கு வேறொரு முடிச்சையும் இடுகிறது. அதன்படி ‘ரெஸ்டோரேஷன்’ என்பது சேதத்திற்கு முன்பு கட்டடம் கொண்டிருந்த வலிமையை மீட்டுத் தருதல். வெனிஸ் சாசனத்திலோ அதே சொல் நினைவுச்சின்னத்தின் அழகியல், வரலாற்று மதிப்பை வெளிக்கொணர்தலைக் குறிக்கிறது. பொறியாளரும் தொல்லியலாளரும் ஒரே சொல்லை உச்சரித்து வெவ்வேறு பணிகளை எண்ணிக்கொண்டிருத்தல் கூடும். இவ்விரு பொருளுக்கும் தமிழில் ‘புனரமைப்பு’ என எழுதுவது மயக்கத்தை மும்மடங்காக்குகிறது; ஏனெனில் இடித்துக் கட்டுவதையும் அச்சொல் குறிக்கும். முன்னதற்கு ‘வலிமை மீட்பு’ என்பதும் பின்னதற்குச் ‘சீரமைப்பு’ என்பதும் பொருந்தும்.

உருவகமும் கைவேலையும்

இத்தாலியக் கொத்தர்களின் சொற்கள் உருவகங்களால் ஆனவை. ‘கூச்சி-ஸ்கூச்சி’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் ‘தை-பிரி’ எனப் பொருள். சிதைந்த செங்கற்களைச் சிறு சிறு பகுதியாக எடுத்துவிட்டு, அவ்விடத்தில் புதியவற்றை வைத்து, பழைய சுவரோடு கோத்துக் கட்டும் முறை இது. ஒரு பகுதி முடிந்த பின்னரே அடுத்ததில் கை வைப்பர். எந்நேரத்திலும் சுவர் தன் சுமையைத் தானே தாங்கிநிற்கும். ஆங்கிலத்தில் இதனைத் ‘தையல்’ என்று மட்டும் பெயர்த்தால் வேறு பணி புலப்படும். அம்மொழிப் பொறியாளரிடையே ‘கிராக் ஸ்டிச்சிங்’ என்பது விரிசலுக்குக் குறுக்கே சாந்து இணைப்புகளில் உலோகத் தண்டுகளைப் பதிப்பது. ஒன்றில் கல்லே மாற்றப்படுகிறது. மற்றொன்றில் கல் அப்படியே நிற்க, உலோகம் நுழைகிறது.

தமிழ்க் கொத்தனார் வழக்கில் ‘பிரித்துக் கட்டுதல்’ என்னும் தொடர் உண்டு. கூச்சி-ஸ்கூச்சிக்கு அது மிக அணுக்கமானதாகத் தோன்றும். ஆனால் கோயில் திருப்பணியில் அத்தொடர் மண்டபம் முழுவதையும் கல் கல்லாகக் கழற்றி மீண்டும் எழுப்புவதைக் குறிக்கிறது. எனவே ‘சிறிது சிறிதாகப் பிரித்துக் கட்டல்’ என்றே எழுதுதல் வேண்டும். நீளம் கருதி முதலிரு சொற்களை விடுபவர் சுவரை இடிக்க உத்தரவு தருகிறார்.

‘காதேனா’ என்பதன் நேர்ப்பொருள் சங்கிலி. வளைவின் இரு கால்களும் விலகாதிருக்கக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் இரும்புத் தண்டை அது குறிக்கும். மரக்கூரைச் சட்டகத்தின் அடிக்குறுக்குமரத்தையும் குறிக்கும். ஆங்கிலம் இவ்விடத்தில் செல்வமுடையது. முன்னதற்கும் பின்னதற்கும் தனித்தனிச் சொற்கள் அம்மொழியில் உள்ளன. மொழிபெயர்ப்பாளர் வரைபடத்தைப் பார்க்காமல் இச்சொல்லைப் பெயர்க்க இயலாது. தமிழில் ‘கட்டுக்கம்பி’ என எழுதுதல் பெருந்தவறாகும். கட்டுமானக் களத்தில் அச்சொல் கம்பிகளை முடிச்சிடும் மெல்லிய கம்பிக்கு உரியதாகிவிட்டது. ‘இழுதண்டு’, ‘இழுவிட்டம்’ என்பன ஏற்கத்தக்கன. தண்டின் முனையில் சுவரின் வெளிப்புறம் பொருத்தப்படும் பிடிதகட்டை இத்தாலியர் ‘காப்போகியாவே’ என்பர். ‘கியாவே’ என்றால் சாவி. தமிழின் ‘சாவி’ போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே இலத்தீன் வேரின. இவ்வுறவு சொற்பிறப்பாய்வாளருக்கு இனிப்பதேயன்றிக் கொத்தனாருக்குப் பயன்படாது. ‘பிடிதகடு’ போதும். மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றில் அத்தகடு எந்த உலோகத்தாலானது என்பதே அங்குக் கேட்கத்தக்க வினா.

‘கோர்தொலோ’ எனப்படும் சுற்றுவிட்டம் எச்சரிக்கைக்குரியது. 1976, 1980 நிலநடுக்கங்களுக்குப் பின் இத்தாலியில் பழங்கல் வீடுகளின் மேல் கான்கிரீட் சுற்றுவிட்டமும் கனத்த கூரையும் ஏற்றப்பட்டன. 1997ஆம் ஆண்டு உம்பிரியா–மார்க்கே நிலநடுக்கத்தில் அவ்வாறு வலுவூட்டிய வீடுகள் சிலவற்றில் மேற்பகுதி இறுகி நிற்க, கீழேயிருந்த வலுக்குன்றிய சுவர் பிதுங்கிச் சரிந்தது. அதன்பின் இத்தாலியரிடையே அச்சொல்லோடு ஓர் ஐயம் சேர்ந்துகொண்டது. ஆங்கிலப் பெயர்ப்பில் சொல் மட்டும் வந்தது, ஐயம் வரவில்லை.

‘திஸ்ஸெஸ்தோ’ என்பதும் இவ்வாறே. கட்டடம் தன் சமநிலை குலைந்து நிற்பதை அது உணர்த்தும். ‘ஃபெயிலியர்’ என்னும் ஆங்கிலப் பெயர்ப்பு எல்லாம் முடிந்துவிட்டது என்னும் தொனியைத் தருகிறது. ‘நிலைகுலைவு’ என்னும் தமிழ்ச்சொல் மூலத்திற்கு ஆங்கிலத்தினும் அணுக்கமாயிருத்தல் நோக்கத்தக்கது. நிலைகுலைந்தது இன்னும் விழவில்லை. தாங்கலாம், முட்டுக் கொடுக்கலாம். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் யூத வழிபாட்டிடம் 2019 செப்டம்பர் மழையில் இடிந்து சரிந்தது. நிலைகுலைவுக்கும் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட காலமே பழுதுபார்ப்பவருக்கு உரிய காலம் என்பதை அச்செங்கற்குவியல் காட்டிற்று.

வழக்கிலிருந்து எழுந்த சொற்கள்

எல்லா மொழிமாற்றமும் இழப்பிலேயே முடிவதில்லை. கேரளத்துச் சுவர்களின் முதன்மைக் கல்லாகிய வெட்டுக்கல்லைப் பிரான்சிஸ் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்டு, 1807இல் வெளிவந்த நூலில் ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டார். இலத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல். உள்ளூரார் அதனை ‘இட்டிகைக்கல்’ என வழங்கியதை அவரே குறித்துள்ளார். உலகப் புவியியல் ஆளும் சொல் அவ்வழக்கின் மொழிபெயர்ப்பே ஆகும். சங்க இலக்கியத்திலும் பயின்றுவரும் ‘இட்டிகை’ இவ்வாறு இலத்தீன் வேடம் பூண்டது. கைவினைஞரின் சொல்லைக் கேட்டு, அவர் கண்ட ஒப்புமையைக் காத்துப் பெயர்த்தமையால் அப்பெயர் நின்றது.

பழுதுபார்ப்பிற்கும் தமிழில் அத்தகைய வழக்குகள் உள்ளன. கோயிலைச் சீர்செய்ய விடப்பட்ட நிலக்கொடையைக் கல்வெட்டுகள் ‘புதுக்குப்புறம்’ என்கின்றன. அரபு வழிவந்த ‘மராமத்து’ தமிழில் குடிமராமத்தாகவும், கேரளத்தில் ‘பொதுமராமத்து’ எனத் துறைப்பெயராகவும் வாழ்கிறது. ஆகம மரபின் ‘ஜீர்ணோத்தாரணம்’ என்னும் கருத்தை இன்டாக் அமைப்பின் 2004ஆம் ஆண்டுச் சாசனம் இந்தியப் பாதுகாப்பு முறையின் ஒரு கூறாக ஏற்றது. அக்கருத்து வெனிஸ் சாசனத்தினும் தாராளமானது. பழையதை நீக்கிப் புதியதை வைக்க இடம் தருகிறது. அத்தாராளத்திற்கும் கட்டுப்பாடு இருந்தது. திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவியார் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். அவை பழங்கற்களிலிருந்து படியெடுக்கப்பட்டவை என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டது. இத்தாலியரின் ‘ரெஸ்தவுரோ’ கேட்கும் ஆவணப்பதிவுக்கு இது பத்தாம் நூற்றாண்டுச் சான்று எனலாம்.

‘ஜீர்ணோத்தாரணம்’ என்னும் பெயரால் படியெடுத்தலைக் கைவிட்டு மாற்றுதலை மட்டும் மேற்கொள்வோர் அச்சொல்லின் பாதியையே மொழிபெயர்த்தவராவர். பழுதுபார்ப்புக் கலைச்சொல் தொகுதி ஒன்று தமிழில் உருவாகுமாயின், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே பொருளோடு மூன்று குறிப்புகள் இடம்பெறுதல் வேண்டும்: எதனை நீக்கலாம், எவ்வளவு நீக்கலாம், நீக்கியதை எங்கே பதிய வேண்டும்.