ஆவாரையின் காது

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரை என்றால் பட்டைதான் பேச்சு; குரோம் உப்பு வருமுன் அதுவும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. தாவர ஓவியருக்கோ பட்டையில் வேலை குறைவு. இலைக்காம்பின் அடியில் காதுமடலாய் விரியும் செதிலை அவர் விடவே கூடாது. பத்து மகரந்தத் தாள்களையும் ஒரே அளவில் வரைந்தால் போச்சு. மேலுள்ள மூன்றும் சிறியவை, மலடு.

தாளில் ஒட்டிய உலர்மாதிரியில் பூவின் மஞ்சள் மங்கும், இதழ் நசுங்கும்; அதனால்தான் ஓவியர் தேவை. சென்னை மாகாணத்தில் செடிகள் சேகரித்த மருத்துவர் ராபர்ட் வைட், ரங்கையாவையும் பிறகு கோவிந்துவையும் வரைய அமர்த்தினார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய ‘ஐகோனஸ்’ தொகுதிகளில் 2,000க்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலும் இவர்கள் கைவேலை.

இத்தகைய படத்தில் மேலே கிளை. கீழே, அறுத்துப் பெரிதாக்கிய பூ, சூல்பை, விதை. எனக்குப் பிடித்தது அந்தக் கீழ்ப்பகுதிதான். அங்கே அழகுக்கு இடமில்லை என்பவர்கள், குறுக்கே வெட்டிய சூல்பையின் சிறு வட்டத்தை நின்று பார்த்ததில்லை.

ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். ஓவியருக்கு அப்படியொரு மரியாதை அபூர்வம். பின்வந்த வகைப்பாட்டியலார் அதை ‘டிரோபிடியா’வில் சேர்த்துவிட்டார்கள்.