மேட்டில் ஏறியவர்கள் யார்?

தியோடர் ரூஸ்வெல்ட் எழுதிய ‘ரஃப் ரைடர்ஸ்’ 1899இல் வந்த புத்தகம். கியூபாவில் ஸ்பெயினை எதிர்த்து ஒரு தன்னார்வக் குதிரைப்படையோடு போய்ச் சண்டையிட்ட கதை. (குதிரைகளில் பெரும்பாலானவை புளோரிடாவிலேயே நின்றுவிட்டன, பட்டாளம் நடந்துதான் போனது.) மனுசன் நல்லாவே எழுதுகிறார். ஓட்டமான நடை, வேட்டைக்காரனின் உற்சாகம். அதில் மயங்கிப் போகிற வாசகன் கண்ணில் படாமல் நழுவுகிற சில பக்கங்களைத்தான் நாம் நிறுத்திப் படிக்க வேண்டியிருக்கிறது.

போரின் கணக்கு சுருக்கமானது. 1898 பிப்ரவரியில் ஹவானா துறைமுகத்தில் ‘மெய்ன்’ போர்க்கப்பல் வெடித்துச் சுமார் 260 பேர் செத்தார்கள். காரணம் தெரியுமுன்னமே ஸ்பெயின்தான் குற்றவாளி என்று பத்திரிகைகள் கூவின. ஏப்ரலில் போர், ஆகஸ்டில் முடிவு. டிசம்பர் 10 பாரிஸ் ஒப்பந்தத்தில் போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் அமெரிக்கா கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்த சனங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலத்தோடு ஆளையும் சேர்த்துக் கிரயம் எழுதுவது நமக்கொன்றும் புதுசில்லையே.

ஜூலை 1ஆம் தேதி சான் யுவான் மேடுகளைப் பிடித்தபோது 9ஆம், 10ஆம் கறுப்புக் குதிரைப்படைகளும் ரூஸ்வெல்ட் ஆட்களோடு ஏறின. செப்டம்பரில் தன் படையைக் கலைத்தபோது அவரே அவர்களைப் புகழ்ந்து பேசினார். இடையில் நியூயார்க் ஆளுநர் ஆகிவிட்டார். புத்தகத்தில் கதை மாறுகிறது. கறுப்புச் சிப்பாய்கள் பின்வாங்கப் பார்த்தார்களாம். இவர் கைத்துப்பாக்கியை உருவி நிறுத்தினாராம். வெள்ளை அதிகாரி இல்லாவிட்டால் அவர்கள் தேறமாட்டார்கள் என்கிற தீர்ப்பு வேறு.

அதே 1899இல் பிரெஸ்லி ஹாலிடே என்கிற 10ஆம் படைச் சார்ஜண்ட், ‘நியூயார்க் ஏஜ்’ என்ற கறுப்பர் பத்திரிகைக்குப் பதில் எழுதினார். அந்த ஆட்கள் ஓடவில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கவும் பதுங்குகுழி வெட்டக் கருவி கொண்டுவரவும் உத்தரவின் பேரில் போனவர்கள். மறுநாள் ரூஸ்வெல்ட்டே வந்து தன் தப்பை ஒத்துக்கொண்டார். இதுதான் கடிதத்தின் சாரம்.

சாட்சியம் இலக்கியமாகாது, கலை எங்கே என்று நம்மைக் கேட்கிற விமர்சகர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். ஒரே குன்று, ஒரே நாள். ‘கலை’ உள்ள எழுத்து சக சிப்பாயைக் கோழையாக்கியது. யார் யாரை எதற்கு அனுப்பினார் என்று சொன்ன எழுத்து பத்திரிகைக் கட்டுக்குள் கிடந்தது. இப்படிச் சிதறிக் கிடந்த சிப்பாய்க் கடிதங்களை வில்லார்ட் கேட்வுட் திரட்டி நூலாக்கியது 1971இல்தான்.

ரூஸ்வெல்ட் ஒருத்தரின் கொழுப்பு என்று இதை விட்டுவிட முடியாது. அதே 1898 நவம்பர் 10 அன்று வில்மிங்டனில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் கறுப்பர்களைக் கொன்று, அவர்கள் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தி, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியையே விரட்டினார்கள். தீவுகளை என்ன செய்வது என்ற கேள்வி ஆரஞ்சுப் பழத்துக்குச் சுங்கவரி உண்டா என்ற வழக்காக உச்சநீதிமன்றம் வந்தது. 1901இல் நீதிபதி ஹென்றி பில்லிங்ஸ் பிரவுன் எழுதினார்: போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் வரி விஷயத்தில் அதன் பகுதி அல்ல. இதே பிரவுன்தான் 1896இல் ரயிலில் கறுப்பனுக்குத் தனிப்பெட்டி சரியென்று தீர்ப்பெழுதியவர். பறையடிக்க, செத்த மாடு தூக்கச் சேரி ஊருக்குச் சொந்தம். ஊர் என்று சொன்னால் மட்டும் அதில் சேரி வராது. நமக்கு இதை விளக்க வக்கீல் வேண்டாம்.

1899 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் சனங்களோடும் சண்டை மூண்டது. கறுப்புப் படைகளை அங்கேயும் அனுப்பினார்கள். 24ஆம் காலாட்படையின் டேவிட் ஃபேகன் அந்த நவம்பரில் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, பிலிப்பைன்ஸ் படையில் கேப்டன் ஆனார். அமெரிக்க ராணுவம் அவர் தலைக்கு வைத்த விலை 600 டாலர்.