சேலை வைத்துக் கும்பிடுகிறோம், பெயரை எழுதுவதில்லை

வட தமிழகத்தின் பல வீடுகளில் கல்யாண வேலை தொடங்குமுன் பூவாடைக்காரியை அழைத்தாக வேண்டும். கன்னியாகவோ சுமங்கலியாகவோ அந்த வீட்டில் இளவயதில் இறந்துபோன பெண்தான் பூவாடைக்காரி. கிணற்றடியிலோ ஏரிக்கரையிலோ பம்பையும் உடுக்கையும் ஒலிக்க, மஞ்சள் பூசிய கலசத்துக்குப் பூச்சுற்றி, அதில் அவளை வரவழைத்து வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். புதுச்சேலை, ரவிக்கைத்துணி, வளையல், மஞ்சள், குங்குமம் எல்லாம் படைப்பார்கள். யாருக்காவது அருள் வந்தால், பெரியவர்கள் கைகட்டி நின்று, "என்னம்மா குறை வச்சோம்?" என்று கேட்பார்கள். தென் மாவட்டங்களில் அவள் கன்னி தெய்வம். பனையோலைப் பெட்டியில் சேலை மடித்து வைத்துக் கும்பிடுவார்கள். பிராமணக் குடும்பங்களில், சுமங்கலியாக இறந்தவர்களுக்குச் சுமங்கலிப் பிரார்த்தனை நடக்கும்.

இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. திதி, தர்ப்பணம் என்ற ஏற்பாடு பெரும்பாலும் பிள்ளை பெற்றவர்களுக்கானது. எள்ளும் தண்ணீரும் இறைக்க ஒரு மகன் வேண்டும். பதினேழு வயதில் காய்ச்சலில் போனவளுக்கும் தலைப்பிரசவத்தில் போனவளுக்கும் அந்த ஏற்பாட்டில் இடம் குறைவு. வீட்டுப் பெண்கள் சேலை வைத்து அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தார்கள். வாழாமல் போனவளுக்கு வீட்டின் ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் மரியாதை கிடைக்கிறது. அதைவிட முக்கியம் அந்தக் கேள்வி. செத்துப்போனவளைப் பார்த்து, நாங்கள் உனக்கு என்ன குறை வைத்தோம் என்று ஒரு குடும்பம் ஊரறியக் கேட்பது சாதாரண விஷயமில்லை.

ஆனால் கேள்வி அதோடு நின்றுவிடுகிறது. சேலை படைத்ததும் குறை தீர்ந்ததாகக் கணக்கு. படையல் முடிந்த வீட்டில் அவள் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "தாத்தாகூடப் பொறந்த ஒரு பொண்ணு" என்பார்கள். எப்படி இறந்தாள் என்றால், "அது அந்தக் காலத்துல" என்பார்கள். இரண்டு தலைமுறைக்குள் பெயர் கழன்று, முகம் கழன்று, தெய்வம் மட்டும் மிஞ்சுகிறது. தெய்வத்துக்கு மரணக் காரணம் கிடையாது. அதனால் அந்த மரணத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் யாருமில்லை. ஊரும் சாதியும் சேர்ந்து, ஏன் பெற்றவர்களே சேர்ந்து கொன்ற பெண்களும் பிறகு தெய்வமாகியிருக்கிறார்கள் என்பதை நாட்டார் தெய்வக் கதைகள் மறைக்காமல் சொல்கின்றன. அங்கே கொலையைக் கண்டித்திருக்க வேண்டிய இடத்தில் கும்பிடு வந்து உட்கார்ந்திருக்கிறது. இதை மரபு என்று சொல்லிக் கடந்துபோவது தவறு.

எழுத்தில் வரும் குடும்ப வரலாறு இந்தக் குறையைச் சரிசெய்யும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது வேறு. சதாபிஷேகத்துக்கு மலர் போடுகிறார்கள். கிளைகிளையாக வம்சாவளி அச்சிட்டு உறவுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். நான் பார்த்த ஒரு வம்சாவளியில் ஒரு தாத்தாவின் ஐந்து பிள்ளைகளில் நான்கு பேருக்குக் கீழே கோடு இறங்கிப் பேரன் பேத்திகளாகப் படர்கிறது. மூன்றாவது கட்டத்தில் 'பெண் – சிறு வயதில் காலம்' என்ற நான்கு சொற்கள் மட்டும். அவளுக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் தம்பிக்குப் படித்த பட்டம், வகித்த பதவி, ஓய்வுபெற்ற ஆண்டு எல்லாம் உண்டு. வம்சாவளியின் இலக்கணமே அப்படி. யாரிடமிருந்து யார் வந்தார்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு. யாரையும் தராமல் போனவர் அதற்கு முட்டுச்சந்து. பிரசவத்தில் இறந்தவள் நிலை இன்னும் மோசம். தங்கையையே இளைய தாரமாகக் கட்டிவைத்திருப்பார்கள். அக்காள் பிள்ளையும் தங்கை பிள்ளைகளும் ஒரே கோட்டில் தொங்குவார்கள். பெற்றவள் யார் என்றே படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் இளமையில் இறந்தவரைப் பதிவு செய்வதில் தமிழ் மண்ணுக்கு மிக நல்ல பழக்கம் இருந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, இறந்தவன் பெயரையும் கூடல் என்ற ஊரில் ஆநிரை கவர்ந்த பூசலையும் சில சொற்களில் சொல்லி முடிக்கிறது. பூவாடைக்காரி வழிபாடு வழங்கும் திருவண்ணாமலை வட்டாரத்திலேயே, செங்கத்துக்கு அருகில் எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல் சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. தாத்தாவின் தங்கை பெயர் தெரியவில்லை. நடுகல் போரில் விழுந்த ஆணுக்கான மரியாதை, எல்லா இளம் சாவுக்கும் அது கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பெயர், ஊர், எதில் இறந்தான் என்ற மூன்றையும் விடாத அந்த ஒழுங்கை நம் வீட்டு எழுத்து கடன் வாங்கலாம்.

யாழ்ப்பாணத்தார் அச்சில் போடும் 'கல்வெட்டு' இந்த ஒழுங்குக்கு நெருக்கமானது. இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கை ஒட்டி வெளிவரும் அந்த நினைவு நூலில் தேவார திருவாசகங்களோடு இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, திதி வெண்பா, மனைவி மக்கள் உடன்பிறந்தார் புலம்பல், சில சமயம் வம்சாவளியும் இருக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பல சேர்ந்திருக்கின்றன. குடும்ப வரலாறு எழுதுபவருக்கு அது புதையல். ஒரு மாதத்துக்குள் எழுதுவதால் நாள், ஊர், உறவுமுறை பிழைபடுவதில்லை. அதே ஒரு மாதம்தான் அதன் பலவீனமும். அழுது முடியாதவர்களால் உள்ளதை உள்ளபடி எழுத முடியாது. புலம்பல் பாட்டை வேறொரு புலவர் எழுதித் தருகிறார். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் எண்பது வயதுக் கிழவருக்கும் ஏறக்குறைய அதே உவமைகள் விழுகின்றன.

இளமையில் இறந்தவரைப் பற்றிய எழுத்தைக் கெடுக்கும் இன்னொன்று 'இருந்திருந்தால்'. இருந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பான், இருந்திருந்தால் குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருப்பாள். வயதானவரைப் பற்றி எழுதும்போது கோபக்காரர், கடன் வாங்கியவர் என்று ஒப்புக்கொள்ளும் பேனா, இளையவரிடம் வந்ததும் குறையே காண்பதில்லை. அன்பால் வருவதுதான்; ஆனால் நடந்த இருபது ஆண்டு வாழ்க்கையை நடக்காத நாற்பது ஆண்டு விழுங்கிவிடுகிறது. இதற்கு மாறான எழுத்தும் உண்டு. எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல் காசநோயில் இறந்தபோது வயது 42. மகள் சிறு குழந்தை. நண்பர் ரகுநாதன் எழுதிய வரலாற்றில் நாம் எழுத்தாளரைப் பார்க்கிறோம். மனைவி கமலா எழுதிய 'புதுமைப்பித்தனின் சம்சார பந்தம்' நூலில் வீட்டுக்காரரைப் பார்க்கிறோம். கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்களும் நூலாக வந்திருக்கின்றன. தகப்பன் முகம் நினைவில் நிற்காத மகளுக்கு இவற்றைவிடப் பெரிய சொத்து வேறில்லை. நம் வீடுகளில் அத்தகைய எழுத்து இல்லாமல் போகலாம். ரெக்கார்டு ஷீட் இருக்கும், ஸ்டுடியோ போட்டோ இருக்கும், பாதி பின்னிய ஒயர் கூடை இருக்கும். ஒயர் கூடை எந்த நிறத்தில், யாருக்காகப் பின்ன எடுத்தது என்று எழுதினால், கெட்டிக்காரி என்று நூறு முறை எழுதியதைவிட அவள் கண்முன் வருவாள்.

மரணக் காரணம்தான் கடினமான இடம். காசநோயை மறைத்தோம், தெரிந்தால் மற்ற பெண்களுக்கு வரன் வராது. தற்கொலையைத் 'தீராத வயிற்றுவலி' ஆக்கினோம். காவல் நிலையமும் செய்தித்தாளும் அதையே எழுதின. அன்றைக்கு உயிரோடிருந்தவர்களைக் காப்பாற்றிய பொய்கள் அவை, அந்தப் பெற்றோரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஐம்பது ஆண்டு கழிந்தும் அதே பொய்யைப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு நியாயமில்லை. முப்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த சித்தப்பாவின் கதை, சொந்தத்திலேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பத்தில் அடுத்த தலைமுறையின் டாக்டருக்குத் தேவைப்படும் தகவல். தற்கொலையை எழுதலாம், எழுத வேண்டும் என்றே நினைக்கிறேன். எந்த வழியில் என்ற விவரம் வேண்டாம், இன்னார்தான் காரணம் என்ற தீர்ப்பும் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. குடும்பம் அதைவிடக் கடுமையாக இருக்கக் கூடாது. இறந்தவருக்குப் பிள்ளை இருந்தால், அச்சில் வருமுன் அந்தப் பிள்ளை வீட்டார் வாயால் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை வேண்டாமென்றால் அச்சில் வரக் கூடாது.

தெரியாததை ஊகத்தால் நிரப்புவது இன்னொரு ஆபத்து. சென்னை மாகாணத்தில் 1899இலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்துவிட்டது. பழைய பதிவேட்டில் தேடினால் சில பெயர்கள் கிடைக்கும். அதில் காரணம் 'காய்ச்சல்' என்றிருந்தால் அதையே நம்பிவிடக் கூடாது. பல நோய்களை அந்த ஒரு சொல்லில் போட்டு மூடியிருக்கிறார்கள். பதிவேடு சொல்வது இது, அத்தை சொன்னது இது என்று இரண்டையும் அருகருகே வைத்தால் போதும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குப் பதிவேடு இருக்கிறது, கல்லறையில் பெயரும் தேதியும் இருக்கும். அந்த வகையில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பெயர் வைக்குமுன் இறந்த குழந்தைகளுக்குப் பதிவேடும் அனேகமாகக் கை கொடுக்காது, பூவாடையும் கிடையாது. அந்தக் காலத்துப் பாட்டிமார்களைக் கேட்டால், "பெத்தது எட்டு, தங்குனது அஞ்சு" என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். வம்சாவளியில் ஐந்து கட்டம்தான் இருக்கும். எட்டுக் கட்டம் போட வேண்டும். மூன்றில் பெயர் இல்லாவிட்டாலும் ஆணா பெண்ணா, யாருக்கு முன் யாருக்குப் பின் என்று எழுதலாம். அது தெரிந்த கடைசி ஆள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அச்சகத்துக்குப் போவதற்கு முன் அவரிடம் போக வேண்டும்.