இரசனையும் உழைப்பும்: பீற் கிளைனோவின் பெடல் ஸ்டீல் கிற்றார் பற்றிச் சில குறிப்புகள்

கலையின் நயத்தை எடுத்துரைப்பதோடு அமைந்துவிடும் இரசனைமுறைத் திறனாய்வின் குறைபாடுகள் முற்போக்கு விமரிசகராற் பலமுறை சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. எனினும், இரசிகரின் கூற்றுக்களை வெறும் உணர்ச்சிப்பெருக்கென ஒதுக்கிவிடுவதும் சமூகவியல் நோக்குக்குப் பொருந்துவதன்று. இரசிகர் எதைப் போற்றுகின்றனர், எதைக் காணாது விடுகின்றனர் என்னும் இரண்டுமே ஆராய்ச்சிக்குரியவை. ஐக்கிய அமெரிக்காவின் கன்ட்றி றொக் இசையிற் பெடல் ஸ்டீல் கிற்றார் வாசித்த ‘ஸ்னீக்கி’ பீற் கிளைனோ (1934–2007) இதற்குத் தக்கதோர் உதாரணமாவார்.

முதலில் வாத்தியத்தை நோக்குவோம். கிடையாக அமைந்த நரம்புகளின்மேல் உருக்குத் துண்டொன்றை நகர்த்தி வாசிக்கும் முறை, கோட்டுவாத்தியத்தை அறிந்த எமக்குப் புதியதன்று. ஆயின், பெடல் ஸ்டீலின் நேரடி மூலம் ஹவாய்த் தீவுகளாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு ஜோசப் கெக்குக்கு முதலானோர் இம்முறையை வளர்த்தனர். 1893இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் அத்தீவுகள் ஐக்கிய அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1915இற் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பொருட்காட்சியை அடுத்து ஹவாய் இசை அமெரிக்கப் பெருநிலமெங்கும் விலைபோகும் பண்டமாயிற்று. 1930களில் வாத்தியம் மின்மயமாயிற்று. பின்னர், வாசிக்கும்போதே நரம்பின் இழுவிசையை மாற்றும் மிதிகளும் முழங்கால் நெம்புகளும் சேர்ந்தன. 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் பாடலொன்றிற் பட் ஐசக்ஸ் வாசித்ததன்பின், இவ்வழுக்கோசை வெள்ளைக் கிராமத்தவரின் இசையெனக் கருதப்பட்ட கன்ட்றி இசையின் அடையாளமாகியது. நாடிழந்த மக்களின் கண்டுபிடிப்பு, அவர்தம் பெயர் மறைந்து, பிறிதொரு மக்களின் ‘மரபு’ ஆகிய வரலாறு இது.

1968இற் கிறாம் பார்சன்ஸ், கிறிஸ் ஹில்மன் ஆகியோருடன் கிளைனோ இணைந்த குழுவே பிளையிங் பறிற்றோ பிறதேர்ஸ். ‘த கில்டெட் பலஸ் ஒவ் சின்’ என்னும் அவர்களது முதலாவது இசைத்தட்டு 1969இல் வெளிவந்தது. வியற்நாம் போர் உச்சநிலையிலிருந்த காலமது. கன்ட்றி இசை பழைமைவாதிகளின் குரலாகவும், றொக் போரை எதிர்த்த இளைஞரின் குரலாகவும் கருதப்பட்டன. கட்டாய இராணுவ சேவையிலிருந்து தப்புவதைப் பொருளாகக் கொண்ட பாடலொன்றும் இத்தட்டில் இடம்பெற்றது. கிளைனோ தமது எட்டு நரம்பு வாத்தியத்தின் ஒலியைக் கரகரப்பாக்கும் கருவியூடாகச் செலுத்தினார். ஒன்றன்மேலொன்றாகப் பல பதிவுகளை அடுக்கினார். ‘கிறிஸ்ரீன்ஸ் ரியூன்’ பாடலில், றொக் இசையில் மின்கிற்றாருக்குரிய இடத்தை இவ்வாத்தியம் பிடித்துக்கொள்கிறது. இரு சமூகப் பிரிவுகளின் முரண்பாடு பாடற் சொற்களிலன்றி ஒலியின் அமைப்பிலேயே வெளிப்படுகின்றமை மனங்கொளத்தக்கது.

இரசிகர் இவ்வொலியை நுட்பமாகச் செவிமடுத்துள்ளனர் என்பதில் ஐயமில்லை. எப்பாடலில் எத்தனை பதிவுகள் அடுக்கப்பட்டுள்ளன என்று ஆராயும் அவர்தம் பொறுமை பல விமரிசகரிடம் இல்லாதது. ஆனால், இவ்வாறு கண்டறிந்தவற்றுக்கு விளக்கங்கூற முற்படும்போது அவர்கள் ‘மேதை’, ‘ஆன்மா’, ‘அழும் நரம்பு’ முதலிய சொற்களிலே தஞ்சம் புகுகின்றனர். காது கண்டுகொண்ட உழைப்பைச் சொல் அற்புதமாக்கி மறைத்துவிடுகிறது.

உண்மையில் கிளைனோவின் வாழ்க்கை உழைப்பாளியொருவரின் வாழ்க்கையே. மிச்சிகன் மாநிலத்தில் வீதி திருத்தும் வேலை செய்தவர் அவர். பின்னர் கலிபோர்னியாவில், பொம்மை உருவங்களை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்கும் தொழிலாற் சீவித்தார். 1984இல் வெளிவந்த ‘டேர்மினேற்றர்’ திரைப்படத்திலும் அவரது கைவண்ணம் உண்டு. இன்று போற்றப்படும் அவ்விசைத்தட்டு அன்று அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 164ஆம் இடத்துக்கு மேற்செல்லவில்லை. 1971இற் குழுவைவிட்டு நீங்கிய அவர், பிறருடைய பதிவுகளுக்கு வாசிப்பவரானார். அவ்வாண்டு வெளிவந்த ஜோனி மிற்செலின் ‘புளூ’ இசைத்தட்டிலும் அவரது வாசிப்பைக் கேட்கலாம். இவ்வாறு வாசிப்போருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பதிவுவேளைக்குரிய கூலியே. தட்டு எத்துணை விற்பினும் அதன் இலாபம் கம்பனிக்கும் நட்சத்திரத்துக்குமே சேரும். தட்டின் உறையிற் சிறிய எழுத்தில் அச்சான பெயர்களைத் தேடிப் படித்து, கூலிக்கு வாசித்தவரை நினைவில் நிறுத்தியவர்கள் இரசிகர்களே. சந்தை மறந்ததை அவர்கள் மறக்கவில்லை. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

இத்தகைய இசையை ஏகாதிபத்தியத்தின் கேளிக்கைச் சரக்கென ஒரே வார்த்தையில் நிராகரிக்கும் போக்கு எம்மிடையே உண்டு. அது மார்க்சியமன்று, கேட்க மறுக்கும் சோம்பலேயாகும். அதேவேளை, ஒருவரின் பெயரை மாத்திரம் மீட்டெடுத்து, அவருக்கு முன் அவ்வாத்தியத்தை ஆக்கிய ஹவாய் மக்களையும், அருகிருந்து வாசித்த ஏனைய கூலிக் கலைஞரையும் மறந்துவிடும் இரசனை அரைகுறையானதே. இரசிகரின் செவியும் வரலாற்றறிவும் ஒருங்கிணையுமிடத்தே கிளைனோவின் கலை முழுமையாக விளங்கும். அங்குதான் விமரிசகரின் பணியும் தொடங்குகிறது.