யாருடைய பாட்டு?

விவரணப் படம் பொய் சொல்லாது என்றதொரு நம்பிக்கை எம்மிடையே நிலவுகின்றது. கதைப்படத்தில் வரும் அரசனும் காதலியும் வேடதாரிகள். விவரணப் படத்தில் வரும் உழவனும் மீனவனும் மெய்யானவர்கள். ஆதலால் அது காட்டுவதெல்லாம் உண்மை என்று முடிவுகட்டிவிடுகின்றோம். கமராவின் முன் நின்ற மனிதர் மெய்யானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவரைப் பற்றிப் பேசுபவர் யார்? பேசுவதற்குப் பணங் கொடுத்தவர் யார்? இவ்விரு வினாக்களையும் மனத்திற்கொண்டு, எமது நாட்டைப் பற்றிய படங்களுள் உலகப் புகழ் பெற்ற ஒன்றை அண்மையில் மீண்டும் பார்த்தோம்.

பசில் றைற் 1934இல் உருவாக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' என்பதே அப்படம். 'இலங்கையின் பாட்டு' என்பது அப்பெயரின் பொருள். பிரித்தானிய விவரணப் பட இயக்கத்தின் மூலவரான ஜோன் கிறியேர்சன் அதன் தயாரிப்பாளர். இலங்கைத் தேயிலைப் பிரசார சபை செலவை ஏற்றது. நான்கு பகுதிகளாக அமைந்து ஏறத்தாழ 40 நிமிடம் ஓடும் இப்படம், 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிற் பரிசு பெற்றது.

இதன் அழகை மறுப்பது நேர்மையன்று. சிவனொளிபாத மலையில் யாத்திரிகர் இருளிலே ஏறுகின்றனர். முதியோர் படிகளில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். மலையுச்சியிலே மணி ஒலிக்க, அவ்வொலியோடு ஒரு பறவை நீரையும் மரங்களையும் கடந்து பறந்து செல்கின்றது. இறுதிப் பகுதியிற் கண்டி நடனக் கலைஞரின் அசைவும் வோல்ட்டர் லீயின் இசையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எம்மக்களின் வழிபாட்டையும் கலையையும் விந்தைப் பொருளாக்கி நகைக்காத கண்ணுடையவர் றைற். அக்காலத்தில் ஐரோப்பியர் எமது நாடுகளைப் பற்றி எடுத்த உல்லாசப் பயணப் படங்களோடு ஒப்பிடுவோர் இதன் பெருமையை உணர்வர்.

எமது வினா மூன்றாம் பகுதியிலேதான் எழுகின்றது. 'வாணிபத்தின் குரல்கள்' என்பது அதன் தலைப்பு. திரையில் யானை மரத்தைச் சாய்க்கின்றது. ஒருவர் தென்னையில் ஏறுகின்றார். பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். காதிலோ சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் வியாபாரக் கடித வாசகங்களும் வந்து மோதுகின்றன. உழைப்பு இங்கே, விலை அங்கே என்பதைக் காட்சிக்கும் ஒலிக்கும் இடையிலுள்ள முரணாலேயே உணர்த்திவிட்டார் றைற். பிரசார சபை வேண்டியது தேயிலை விளம்பரம். கிடைத்ததோ வாணிபத்தை ஓர் அந்நியக் குரலாக ஒலிக்கச் செய்யும் படம். கூலிக்குப் பாடும் புலவனல்லன் அவர் என்பதற்கு இஃதொன்றே சான்று.

எனினும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் குரல் எங்கே? படத்தை நடத்திச் செல்லும் விவரணை, 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனைப் படிப்பவர் கொழும்பின் கலைஞரான லயனல் வென்ட். நொக்ஸ் எழுதிய காலத்தில் மலைநாட்டிலே தேயிலைத் தோட்டமே இல்லை. லூல்கொந்தரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கியது 1867இலேதான். ஆகவே, தென்னிந்தியாவிலிருந்து வந்து காடழித்துத் தோட்டம் போட்ட மக்களை நொக்ஸின் குரல் அறிய வழியில்லை. வாணிபத்தின் குரல்களோ அவர்களை இறாத்தற் கணக்கில் மட்டுமே அறியும். ஒரு குரல் அவர்கள் வருமுன்னரே பேசி ஓய்ந்துவிட்டது. மற்றைக் குரலுக்கு அவர்கள் மனிதரல்லர். இரண்டிற்கும் இடையே அவர்களது கூலி, லயன் அறை, கங்காணியின் கடன் ஆகியவை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் இதற்கு மேல் எதனை எதிர்பார்க்க முடியும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. நாம் றைற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. பணம் எந்த இடத்தில் மௌனத்தை வாங்குகின்றது என்பதையே காட்ட விழைகின்றோம். அது அழகை வாங்குகின்றது. சிலவேளைகளில் அங்கதத்தையும் சகித்துக்கொள்கின்றது. கூலிக் கணக்கை மட்டும் பேசவிடுவதில்லை.

வேறு வழி இருந்தது என்பதற்கு அதே காலத்துப் படமொன்று சாட்சி. பெல்ஜிய நிலக்கரிப் பிரதேசமான போறினாஜில் 1932இல் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் பின்விளைவுகளை யோறிஸ் இவென்சும் ஹென்றி ஸ்ரோர்க்கும் 1933இற் படமாக்கினர். பிரசெல்ஸ் திரைப்படக் கழகமொன்றே அதற்கு ஆதரவளித்தது. நிலக்கரியை வெட்டியெடுப்போரின் வீட்டில் குளிர்காய நிலக்கரி இல்லை. பெண்கள் கழிவு மேடுகளிற் கரி பொறுக்குகின்றனர். வாடகை கொடுக்க வழியற்ற குடும்பங்கள் வெளியேற்றப்படுகின்றன. தாம் நடத்திய ஊர்வலத்தைத் தொழிலாளரே கமராவின் முன் மீண்டும் நடத்திக் காட்டினர். வறுமையின் மீது விழும் ஒளி அழகாகத் தோன்றிவிடலாகாதென்று வேண்டுமென்றே அழகைத் தவிர்த்ததாக இவென்ஸ் பின்னர் எழுதினார். அப்படம் பொதுத் திரையரங்குகளில் தடுக்கப்பட்டது. அஃது ஓர் ஊமைப்படம் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒலியே இல்லாத படத்திலே தொழிலாளர் பேசுகின்றனர். ஒலியமைப்பிற்காகவே போற்றப்படும் படத்திலே தொழிலாளர் ஊமையாகின்றனர்.

மலையகத்து மக்களுக்குப் பாட்டு இல்லாமலா போயிற்று? தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தோட்டத் தொழிலாளரின் உரிமைகளைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அவை நூலுருவம் பெற்றன. அதே ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்திற் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒரு படத்தின் மௌனம் சட்டத்தைப் பிறப்பித்தது என்று நாம் கூறவில்லை. எனினும், ஒரு மக்கட் கூட்டத்தை நிலக்காட்சியின் ஓர் அங்கமாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவர்களது உரிமை பறிபோவது பெரிதாகத் தோன்றுவதில்லை.

ஆசிரிய நண்பர்கள் இப்படத்தை மாணவருக்குக் காட்டவேண்டும். அதன் அழகை அவர்கள் முழுமையாகச் சுவைக்கவும் வேண்டும். ஆனால், மூன்றாம் பகுதி வந்ததும் ஒருமுறை நிறுத்தி, கூடை சுமக்கும் அப்பெண் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேளுங்கள். விடை சொல்லக்கூடிய மாணவர் மலைநாட்டு வகுப்பறைகளில் இன்றும் இருக்கின்றனர். அவர்களது கையிற் கமரா சேரும் நாளிலேதான் இலங்கையின் பாட்டு முழுமை பெறும்.