வெளியே போட்ட பெஞ்சு

ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் விரும்பி வர்ணிக்கிற காட்சி ஒன்று உண்டு. தெருமுனை மெஸ், வாசலில் வேப்பமரம், நிழலில் பெஞ்சு, தலைவாழை இலை, அவசரமில்லாத மதியம். எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் இந்தப் பிரதிகள் ஒன்றைக் கேட்பதில்லை: வெளியே உட்காருவதை விரும்பித் தேர்ந்தவர் யார், அது யார்மேல் சுமத்தப்பட்டது?

எங்க தாத்தாவும் வெளியிலதான் சாப்பிட்டார். ‘உள்ள வராதே, அங்கயே குந்து’ன்னு கடைக்காரர் காட்டின இடம். தண்ணிக்குத் தனிக் குவளை. குடிச்சிட்டு அவரே கழுவி வைக்கணும். உணவு விடுதிகளில் சாதியைச் சொல்லித் தடுக்கக் கூடாது என்று 1950இல் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொன்னது. தடுத்தால் தண்டனை என்று 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 1957இல், திருவல்லிக்கேணி முரளி கபே பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் இயக்கம் மறியல் செய்ய வேண்டியிருந்தது. ஊர்க் கடைகளில் தனிக் குவளை அதற்கப்புறமும் தொங்கியது.

போன வாரம் எங்கள் தெரு மெஸ்ஸில் நானும் மரத்தடியில் உட்கார்ந்தேன். மீன்குழம்பு, மறுசோறு, ரசம், மோர் என்று ஒரு மணி நேரம் சாவகாசமாகச் சாப்பிட்டேன். உள்ளே இடம் காலியாகத்தான் இருந்தது. கூப்பிடவும் செய்தார்கள். உள்ளே போக முடிகிறவனுக்குத்தான் வெளியே உட்காருவது சுகம். இதைச் சொல்லாத ருசி எழுத்து, எங்க தாத்தா குந்தின இடத்துலயே இலையைப் போட்டுட்டு, அவரை எழுப்பி அனுப்பிவிடுகிறது.