வெள்ளிக்கிழமையா, வியாழக்கிழமையா?

திருமணமாகி ஒரு வாரமே ஆன பெண் ஒருத்தி. கணவன் நெருங்கும்போதெல்லாம் அவளைப் பீதி பற்றிக்கொள்கிறது, உடல் இறுகிவிடுகிறது. சிகிச்சைக்கு வந்த அவளிடம் மருத்துவர் சொல்கிறார்: உறவு எந்த நாளில் வேண்டுமானாலும் நிகழலாம், ஆனால் வெள்ளிக்கிழமை நிகழ்ந்தால் எனக்குப் பிடிக்கும். வாரத்தின் மற்ற நாள்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, வெள்ளிக்கே திரும்பத் திரும்ப வருகிறார். அவள் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். சிகிச்சை முடிந்தது.

மருத்துவர் பெயர் மில்டன் எரிக்சன் (1901–1980). அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரில் வாழ்ந்தவர், ஹிப்னாடிசத்தை மருத்துவத்துக்குள் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர். அவருடைய சிகிச்சைக் கதைகளைத் தொகுத்து விளக்கி ஜே ஹேலி எழுதிய ‘அன்காமன் தெரபி’ 1973இல் வெளிவந்தது. குறுகிய காலத்தில், திட்டமிட்ட உத்திகளால் குணப்படுத்தும் முறைக்கு இன்றளவும் அடிப்படை நூல் அது.

முதல் வாசிப்பில் இந்த நூல் நம்மை ஈர்த்துவிடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெண்ணின் துயரத்தை ஆண்டுக்கணக்கில் தோண்டி, கடைசியில் அவள் குழந்தைப் பருவத்தின் மீதே பழியைப் போட்ட உளப்பகுப்பாய்வு மரபுக்கு எதிராக எழுந்தது இது. சில சந்திப்புகள் போதும் என்றது. பதினேழு வயதில் போலியோவால் உடல் முடங்கி, ஒவ்வொரு தசையாக மீட்டெடுத்தவர் எரிக்சன். மனிதருக்குள் அவர்களே அறியாத திறன்கள் உண்டு என்ற அவரது நம்பிக்கை வெறும் கோட்பாடு அல்ல. ஹிப்னாடிசம் அவருக்கு அந்தத் திறன்களைத் தொடும் வழியாக இருந்தது.

ஆனால் நூலின் எலும்புக்கூட்டைக் கவனிப்போம். இளமைக் காதல், திருமணம், குழந்தைப் பேறு, நடுவயதுத் தாம்பத்தியச் சிக்கல், பிள்ளைகளிடமிருந்து பெற்றோரைப் பால்மறக்கச் செய்தல், முதுமை என்று குடும்ப வாழ்வின் கட்டங்களையே ஹேலி அத்தியாயங்களாக்குகிறார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகர முடியாமல் குடும்பம் சிக்கிக்கொண்டதன் அடையாளமே நோய் என்பது அவர் வாதம். குடும்பத்தை மீண்டும் நகர்த்திவிடுவதே மருத்துவரின் வேலை. ‘காலாகாலத்தில் நடக்க வேண்டியது நடக்க வேண்டும்’ என்பதைக் கேட்டே வளர்ந்த நமக்கு இந்த ஏணி புதிதல்ல. இங்கே அது அறிவியலின் வெள்ளைக்கோட்டை அணிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஏணியில் ஏற விரும்பாதவளையும் ஏற முடியாதவளையும் இந்த வரைபடம் ஒரே சொல்லால்தான் அழைக்கிறது: சிக்கிக்கொண்டவள்.

குணமானதற்கான சான்று எது என்று பாருங்கள். முன்பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியால் தன்னை அழகற்றவள் என்று நம்பித் தற்கொலைவரை யோசித்த பெண்ணிடம், அந்த இடைவெளி வழியே தண்ணீரைப் பீய்ச்சியடிக்கப் பழகச் சொல்கிறார் எரிக்சன். பிறகு அலுவலகத்தில் ஓர் இளைஞன் மீது பீய்ச்சியடிக்கச் சொல்கிறார். அது காதலாகித் திருமணத்தில் முடிகிறது. பாதம் பெரிதென்று வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கிய சிறுமியின் கதையில், தாயின் உடல்நலத்தைப் பார்க்க வந்தவர்போல அவர் வீட்டுக்கே போகிறார். தற்செயல்போல அவள் காலை மிதித்துவிட்டு, ஓர் ஆணின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்காவது இதை வளர்த்திருக்கக்கூடாதா என்று எரிந்துவிழுகிறார். சிறுமி வெளியே போகத் தொடங்குகிறாள். தனக்குச் சிகிச்சை நடந்ததே அவளுக்குத் தெரியாது.

இரண்டு கதைகளிலும் புத்திசாலித்தனம் உண்டு, பரிவும் உண்டு. ஒரு பெண் உயிர் பிழைத்தாள் என்பது சிறிய விஷயமல்ல. ஆனால் பல்லுக்கும் பாதத்துக்கும் இவ்வளவு வலியைக் கொடுத்த பார்வை எது என்ற கேள்வி எழவே இல்லை. ஆணின் பார்வை தந்த காயம் இன்னோர் ஆணின் பார்வையாலேயே ஆற்றப்படுகிறது.

நடுவயதுக் கட்டத்தில் ஓர் உணவகத் தம்பதி வருகிறார்கள். நிர்வாகம் மனைவி கையில் இருக்கிறது, அதைப் பற்றி ஓயாத சண்டை. கணவன் முதலில் போய்க் கடையைத் திறக்கட்டும், மனைவி அரைமணி நேரம் தாமதமாக வரட்டும் என்கிறார் எரிக்சன். தான் இல்லாமலும் கடை நடக்கிறது என்று அவள் கண்டுகொள்கிறாள், சண்டை ஓய்கிறது. சுமை குறைந்தது அவளுக்கும் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் விட்டுக்கொடுத்த பொறுப்போடு வருமானத்தின் மீதான அவளது பிடியும் போயிற்றா? வீட்டுக்குத் திரும்பியவளுக்கு அங்கே எத்தனை மணிநேர வேலை காத்திருந்தது? இந்தக் கேள்விகள் சிகிச்சையின் கணக்கில் வருவதில்லை.

இனி, இந்த நூலுக்கு முந்தைய ஒரு வரலாறு. 1956இல் கிரிகரி பேட்சன் குழுவினர் ‘இரட்டைப் பிணைப்பு’ என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். எழுதிய நால்வரில் ஹேலியும் ஒருவர். எந்தப் பக்கம் போனாலும் தப்ப முடியாத முரண்பட்ட செய்திகளில் ஒருவரைச் சிக்கவைத்தால் அவர் மனம் சிதையலாம் என்றது அந்தக் கட்டுரை. அதன் புகழ்பெற்ற உதாரணத்தில் குற்றவாளி ஒரு தாய். மகன் அணைக்கும்போது விறைத்துப்போகிறாள். அவன் கையை எடுத்ததும் என்மேல் அன்பில்லையா என்று கேட்கிறாள். பின்னாளில் இதே பிணைப்பு, சிகிச்சைக் கருவியாக உருமாறியது. எந்த நாளை வேண்டுமானாலும் தேர்ந்தெடு என்பது அதன் ஒரு வடிவம்தான். தாய் கட்டிய முடிச்சு நோயை உண்டாக்கும், மருத்துவர் கட்டிய முடிச்சு குணமாக்கும். மருத்துவரின் நோக்கம் நல்லது என்று பதில் சொல்லலாம். அந்த நல்லெண்ணத்தைத் தாய்க்கு மட்டும் ஏன் மறுத்தார்கள்?

இப்படிப்பட்ட கேள்விகள் அந்தத் துறைக்குள்ளிருந்தே வந்தன. மரபான ஆண்-பெண் பாத்திரங்களையே ஆரோக்கியம் என்று குடும்ப சிகிச்சையாளர்கள் ஏற்றுக்கொண்டு அவற்றை மேலும் இறுக்குகிறார்கள் என்று 1978இல் ரேச்சல் ஹேர்-மஸ்டின் எழுதினார். மரியான் வால்டர்ஸ், பெட்டி கார்ட்டர், பெக்கி பாப், ஓல்கா சில்வர்ஸ்டீன் ஆகிய நால்வரும் 1977 முதல் இணைந்து செயல்பட்டு, 1988இல் ‘தி இன்விசிபிள் வெப்’ நூலைக் கொண்டுவந்தார்கள். இவர்களில் பாப்பும் சில்வர்ஸ்டீனும் குறுங்கால உத்தி சிகிச்சையில் தேர்ந்தவர்கள். அவர்கள் கருவியைத் தூக்கி எறியவில்லை. அது யாரை மாறச் சொல்கிறது, அந்த மாற்றத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நாமும் அங்கிருந்து தொடங்கலாம். எரிக்சனின் நோயாளிகளை நாம் அறிவது எரிக்சன் சொல்லி, அதை ஹேலி திரும்பச் சொன்னதன் வழியாகத்தான். அந்த மணப்பெண்ணும் உறவை விரும்பினாள் என்றே கதை சொல்கிறது. அது உண்மையாகவே இருக்கலாம். மருத்துவர் பிரியப்பட்ட நாளை விட்டு அதற்கு முந்தைய நாளை அவள் எடுத்துக்கொண்டதில் சிறியதொரு எதிர்ப்பைக்கூட என்னால் வாசிக்க முடிகிறது. ஆனால் அவளுக்கு முன் வைக்கப்பட்டது ஏழு நாள்களின் பட்டியல் மட்டுமே. இப்போது வேண்டாம் என்பதும், இவரோடு வேண்டாம் என்பதும் அதில் இடம்பெற்றிருந்து, அதன் பிறகும் அவள் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதை அவளுடைய முடிவு என்று தயக்கமில்லாமல் சொல்லியிருப்பேன்.